எதையும் மறுக்காத திரை

எழுத்துரு வரைவதும் புத்தகங்களுக்கு அட்டை செய்வதும் என் வேலை. சென்னையில் சின்ன அலுவலகம். வேலை வாட்ஸ்அப்பில் வரும், மாதிரிகள் பின்ட்ரெஸ்ட் இணைப்பாக வரும், திருத்தங்களை கூகுள் மீட்டில் சொல்வார்கள், முடிந்த அட்டையும் பிடிஎஃப்பாகத்தான் போகும். அச்சான புத்தகம் கூரியரில் வந்து சேரும்போதுதான் நான் செய்ததைக் கையால் தொட்டுப் பார்ப்பேன்.

எங்கள் தொழிலில் இப்போது எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: "ஐடியாவே வர மாட்டேங்குது." புதிதாக வந்தவர்களும் சொல்கிறார்கள், தலை நரைத்தவர்களும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஃபோனைக் காட்டுவார்கள். ரீல்ஸ், நோட்டிஃபிகேஷன், கவனம் சிதறுவது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஃபோனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றாத நாட்கள் நிறைய உண்டு. கவனம் முழுக்க இருக்கும், திரையும் பேனாவும் தயாராக இருக்கும், வரைந்தது மட்டும் நேற்று வேறு யாரோ வரைந்தது போலவே இருக்கும்.

எனக்குப் பட்ட காரணம் வேறு. திரை எதையும் மறுப்பதில்லை. கோட்டை மெலியச் சொன்னால் மெலியும், வளையச் சொன்னால் வளையும். பிடிக்கவில்லையா, கண்ட்ரோல் இசட் அடித்தால் நடந்ததே இல்லை என்றாகிவிடும். எல்லாம் முடியும் என்ற இடத்தில், எதைச் செய்வது என்று கைக்குத் தெரிவதில்லை. அப்போது அது ஏற்கெனவே பார்த்த வடிவத்தைத்தான் தேடிப் போகும். எல்லோரும் ஒரே மாதிரிப் படங்களைப் பார்ப்பதால் எல்லோருடைய கையும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருகிறது. தெருவில் இறங்கிக் கடைப் பலகைகளைப் பாருங்கள். கட்டமரான், முக்த மலர், பலூ தம்பி என்று இலவசமாகக் கிடைக்கும் சில எழுத்துருக்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அவை நல்ல எழுத்துருக்கள், உழைத்துச் செய்யப்பட்டவை. மருந்துக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அதையே போட்டால் அந்த எழுத்துரு பாவம் என்ன செய்யும்?

நம் எழுத்து இன்றைய வடிவத்துக்கு வந்த கதையைப் பார்த்தால், அதை எழுதிய ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒன்றை மறுத்திருக்கிறது. கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்' என்று பழைய தமிழி எழுத்தில் கீறியிருக்கும் பெயரில் நேர்கோடுகளே மிகுதி. பானை ஓட்டில் குறுகிய நேர்கோடு சுலபம், நீண்ட வளைவு கஷ்டம். ஓலையில் இது தலைகீழ். ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. எழுத்தாணியால் கிடைக்கோட்டை அழுத்தி இழுத்தால் நாரோடு கிழியும், ஆகவே எழுத்துகள் உருண்டன. புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். படிப்பவர் 'க'வா 'க்'கா என்று இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். குறில் எகரத்தையும் புள்ளிதான் காட்டும் என்பதால் எகர ஏகாரக் குழப்பமும் அப்படியே நீடித்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துக் குழப்பத்தைத் தீர்த்தார்.

அச்சிலும் அதே கதைதான். தரங்கம்பாடி மிஷனரிகளின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தபோது அவை அளவில் பெரியவையாக இருந்தன. அந்த அளவில் ஒரு முழு நூலை அச்சிட்டால் காகிதம் கட்டுபடியாகாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் முடிந்த புதிய ஏற்பாடு அப்படி வந்ததுதான். காகிதம் தாராளமாகக் கிடைத்திருந்தால் அந்தச் சிறிய எழுத்தை வார்க்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது தட்டச்சு இயந்திரத்தின் நகரா விசை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ் விசைப்பலகையை அமைக்க உட்கார்ந்தபோது, கையில் இருந்த இயந்திரம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்தது. 247 எழுத்துக்கு அதில் எங்கே இடம்? சில விசைகளை அழுத்தினால் குறி மட்டும் தாளில் விழும், உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். 'க்' வேண்டுமென்றால் முதலில் புள்ளி, பிறகு 'க'. மனம் நினைக்கும் வரிசைக்கு நேர் எதிர். ஆனாலும் லட்சக்கணக்கான விரல்கள் அதைப் பழகிக்கொண்டு கடிதமும் தீர்ப்பும் அரசாணையும் அடித்தன. ஆகவே தொழில்நுட்பமே கற்பனைக்கு எதிரி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தட்டச்சும் தொழில்நுட்பம்தான், ஈய எழுத்தும் தொழில்நுட்பம்தான். அவை முரண்டு பிடித்தன, நம் ஆட்கள் வழி கண்டுபிடித்தார்கள்.

சரி, இப்போது முரண்டு பிடிக்கும் பொருளுக்கு எங்கே போவது? தேடினால் கிடைக்கிறது. மதுரையில் டவுன் ஹால் ரோட்டைத் தாண்டி ஒரு சந்தில், பாத்திரக் கடை ஒன்றின் இரும்பு ஷட்டரில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவரை ஒரு மத்தியானம் முழுக்க நின்று பார்த்தேன். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு இவர்களுக்குப் பலகை வேலை குறைந்துவிட்டது. ஷட்டருக்கு மட்டும் இன்னும் கூப்பிடுகிறார்கள், சுருட்டி ஏற்றும் பொருளின் மேல் ஃப்ளெக்ஸ் ஒட்டாது. சாக்பீஸ் தடவிய நூலை இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டி, மேலே ஒரு கோடு கீழே ஒரு கோடு அடித்தார். ஓரத்தில் எனாமல் டப்பா, வாய் வெட்டிய தகர டின்னில் டர்பன்டைன், தேய்ந்து பாதியான பட்டை பிரஷ்.

ஷட்டர் சமதளம் இல்லை. மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று வரிவரியாகப் போகும். அவர் எழுதிய 'டை'யைப் பார்த்தேன். 'ட'வின் அடிக்கோடு சரியாக ஒரு மேட்டின் முதுகில் படுத்திருந்தது. 'த்தி'யில் இகரத்தின் மேல் விலங்கு அடுத்த மேட்டில் ஏறி நின்றது. எழுத்துகள் வழக்கத்தைவிட மிக அகலம், ஆனால் தெருமுனையில் நின்று பார்த்தால் அப்படியொரு கம்பீரம்.

"ஏண்ணே, 'ட' இவ்ளோ அகலமா இருக்கு?" என்றேன்.

"பள்ளத்துல கோடு விழுந்தா வெயில்ல தெரியாதும்மா, நிழல் முழுங்கிரும். கீழ ஒரு மேடு, மேல ஒரு மேடு, அதுல வச்சாத்தான் நிக்கும். உயரத்தைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. அப்ப அகலத்துலதான் வெளயாடணும்" என்றார், பிரஷை எடுக்காமலே. அப்புறம், "கம்ப்யூட்டர்ல இதெல்லாம் பிரச்சினையே இல்லைல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்றைக்கு ஃபோனில் நிறைய படம் எடுத்தேன். அந்தப் படங்களை வைத்து ஒரு எழுத்துரு வரையலாம் என்று தோன்றியது, ஆனால் அவருடைய எழுத்தை அப்படியே நகலெடுப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. அது அவருடையது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஷட்டர். ஆகவே கணினியில் அதே போல வரிகளை அமைத்துக்கொண்டு, கிடைக்கோடு எதுவும் இந்த வரிகளுக்கு வெளியே விழக்கூடாது என்று விதி வைத்தேன். மென்பொருள் தராத தடையை நாமே கட்டிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விதி வந்த நாளிலிருந்து வேலை சூடு பிடித்தது.

அலுவலகத்தில் மற்ற வேலைகளையும் இப்போது இப்படித்தான் தொடங்குகிறோம். அட்டைக்கான கையெழுத்துப் பிரதியை முதலில் படிக்க வேண்டும், படித்து முடிக்கும்வரை எந்த மாதிரியையும் திறக்கக் கூடாது. அதன்பின் கதைக்குப் பொருத்தமான ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு நாவல் வந்தது. கறுப்புத் தட்டில் கல் உப்பைப் பரப்பி, அடிக்கோலின் ஓரத்தால் தலைப்பை எழுதினோம். உப்பு மெல்லிய கோட்டைத் தாங்காது, இரண்டு பக்கமும் சரிந்து மூடிவிடும். தடித்த கோடு மட்டுமே நின்றது. 'ழ'வின் அடிச்சுழியை வரைய இடமில்லாமல் ஒரே வீச்சில் கீழே இழுத்துவிட்டோம், அது தட்டின் விளிம்புவரை போனது. புள்ளி வைக்க விரலை ஊன்றி எடுத்தால் சின்னப் பாத்தி போலக் குழிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஃபோன் கேமராவில் படம் பிடித்து, ஃபோட்டோஷாப்பில் ஒளியை மட்டும் சரிசெய்து அனுப்பினோம். திரையில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பாத்தி எனக்குத் தோன்றியிருக்காது.

இன்னொரு நாள் கத்தரிக்கோலும் தாளும். கத்தரியால் உள்சுழிகளை வெட்ட முடியாது, வெளியிலிருந்து ஒரு வெட்டு போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வெட்டு எழுத்தில் தெரியும். அதை மறைக்காமல் விட்டால் ஒரு குணம் வருகிறது.

தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அடிக்கடி போவேன், எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்களையும் அழைத்துப் போவேன். கோட்டையூரில் அந்தச் சேகரிப்பை உருவாக்கிய ரோஜா முத்தையா ஒரு பெயர்ப்பலகை ஓவியர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எழுத்தை வரைந்து பிழைத்த மனிதர்தான் இவ்வளவு அச்செழுத்தையும் காப்பாற்றி வைத்தார். பழைய நோட்டீஸ்களிலும் பாட்டுப் புத்தகங்களிலும், தலைப்பு முழுக்க ஒரு வகை எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு 'ன்' மட்டும் வேறு ஜாதியில் நிற்கும். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டரின் எழுத்துப் பெட்டியில் அந்த அளவு 'ன்' தீர்ந்திருக்கும், இருப்பதை எடுத்துக் கோத்திருப்பார். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய புத்தகங்களில் துதிக்கை தூக்கிய 'லை'யும் 'னை'யும் வரியின் உயரத்தையே மாற்றிவிடும். இவற்றைத் தாளில் பார்க்க வேண்டும். மை எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்பது ஸ்கேனில் சரியாகத் தெரிவதில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காமல் இப்போது எந்தப் பேச்சும் முடிவதில்லை. வாடிக்கையாளர்கள் அதில் செய்த அட்டைகளோடு வருகிறார்கள். கொஞ்ச காலம் முன்புவரை அதில் தமிழ் தூரத்தில் தமிழ் போலத் தோன்றும், கிட்டே போனால் ஒரு எழுத்தும் எழுத்தாக இருக்காது. இப்போது தேறி வருகிறது, இன்னும் தேறும். என் கவலை பிழையைப் பற்றியது இல்லை. அதுவும் கேட்டதை மறுக்காத இன்னொரு திரை, அவ்வளவுதான். பார்த்ததையெல்லாம் கலந்து நடுவாந்தரமான ஒன்றைத் தரும், அதைப் பார்த்த மாத்திரத்தில் நம் மனம் தேடுவதை நிறுத்திவிடும். அதனால் தொடக்கத்தில் அதைத் திறக்க விடுவதில்லை. ஸ்கேனில் கறை நீக்க, பின்னணியைப் பிரிக்க என்று கடைசியில் தாராளமாகப் பயன்படுத்துகிறோம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பது நிஜமான சிக்கல். காலையில் சொல்லி மாலைக்குள் மூன்று மாதிரி கேட்பவரிடம் உப்பு பரப்பிக்கொண்டிருக்க முடியாது. அப்படிப்பட்ட வேலைகளைத் திரையிலேயே முடித்துக் கொடுக்கிறோம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வாரத்தில் ஒரு வேலையையாவது கையில் அழுக்கு படும்படி செய்தால், மற்ற வேலைகளிலும் அதன் சாயல் வருகிறது. எங்கள் அலுவலகப் பிள்ளைகளிடம் அதை நேரில் பார்த்திருக்கிறேன். தாளை வெட்டிப் பழகியவள் திரையில் வரையும்போதும் வெட்டுவது போலவே வரைகிறாள்.

ஷட்டர் எழுத்துரு இப்போது உகர வரிசையில் நிற்கிறது. ஆகாரத்துக்கு ஒரு கால், எகரத்துக்கு ஒரு கொம்பு வரைந்துவிட்டால் பதினெட்டு மெய்க்கும் பெரும்பாலும் சரியாகிவிடும். உகர ஊகாரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கு ஒரு பக்கம் போகும், சு ஒரு பக்கம், து இன்னொரு பக்கம். 36 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டும். இந்த வரிசைகளை ஒழுங்குபடுத்திப் பொதுக்குறி கொண்டுவர வேண்டும் என்று கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி நீண்ட காலம் வாதாடினார். கற்பவர்களுக்கு எளிதாகும் என்ற அவருடைய அக்கறையை மதிக்கிறேன், ஆனால் வரைபவளாக எனக்கு இந்த 36 வேண்டும். என் வேலையில் மிகச் சுவாரசியமான வாரங்கள் இவற்றோடு கழிந்தவைதான். 'மூ'வின் வளைவு மேலே சுழித்து முடிய வேண்டும், மேலேயோ மேட்டு வரி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. 'ளூ'வுக்குக் கீழேயே ஒரு வரி கூடுதலாக வேண்டும்.

எங்களுடைய இளைய வடிவமைப்பாளர், "அக்கா, 'ஞூ'வை யாரு டைப் பண்ணப் போறா? விட்டுடலாமே" என்றாள். வரைந்துதான் ஆக வேண்டும் என்றேன். இப்போது மூன்று விதமாக வரைந்து வைத்திருக்கிறாள். அதில் ஒன்றில், 'ஞ'வின் வாலைப் பக்கத்து மேட்டுக்குத் தள்ளி ஊகாரத்துக்கு இடம் பிடித்திருக்கிறாள். அது சரியாக வந்தால் 'நூ'வையும் அதே வழியில் திருத்தி வரைய வேண்டியிருக்கும்.