485 மைக்ரான்

தேக்கா உணவங்காடியில் சூப்புக் கடை முன்னால் நின்றாலே கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கையில் தட்டோடு மேசை எங்கே என்று துழாவுகிற ஆள் நான். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழு. சரி, லேசிக் செய்துவிடலாம் என்று, சொன்னபடி ஒரு வாரம் காண்டாக்ட் லென்ஸ் போடாமல் இருந்து, பரிசோதனைக்குப் போனேன்.

முதலில் மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து, சுரீரென்று எரிந்தது. அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவியைக் கருவிழி மேலேயே வைத்தார்கள். கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் ஒரு முனை வருவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்காருவதுதான் கஷ்டம், வலியெல்லாம் இல்லை. அல்ட்ராசவுண்டாம். இரண்டு பீப், கருவிழியின் தடிமன் 485 மைக்ரான். அரை மில்லிமீட்டர் கூட இல்லை. சராசரி 540 பக்கம் இருக்குமாம்.

டாக்டர் ஒரு தாளில் கழித்தல் கணக்கு போட்டார். மூடி மாதிரி திறக்கிற மேல்படலத்துக்கு 110, லேசர் செதுக்குவது ஒரு பவருக்குச் சுமார் 15 வீதம் ஏழுக்கு 105, மிச்சம் 270. "250 இருந்தாப் போதும்னு செய்றவங்க இருக்காங்க, 300க்குக் கீழே நான் தொடமாட்டேன்" என்றார். மெலிந்துபோனால் பின்னாளில் கருவிழி முன்பக்கம் பிதுங்கிவிடலாம்.

அதோடு விடவில்லை. வீட்டில் யாருக்காவது க்ளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடுகிற நோய், உண்டா என்றார். அம்மாவுக்கு இருக்கிறது. கண் அழுத்தத்தை அளக்கிற கருவி, கருவிழியை அமுக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது, மெல்லிய கருவிழி லேசாக அமுங்கிவிடுவதால் உள்ளே இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். போன வருடம் ஒரு இடத்தில் காற்று ஊதிப் பார்த்து "17, நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். தடிமனையும் அளக்கவில்லை, அம்மாவைப் பற்றியும் கேட்கவில்லை. நானும் அந்த 17ஐப் பெருமையாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்! அப்படியானால் எத்தனை கூட்டணும் என்று கேட்டதற்கு, நம்பிக் கூட்டுகிற மாதிரி வாய்ப்பாடு கிடையாது, பார்வை நரம்பைத்தான் பார்க்கணும் என்று கண்பாப்பாவை விரிக்கிற மருந்தை விட்டார். நரம்பு இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. அடுத்த மாதம், பார்வைப் பரப்பை அளக்கிற ஃபீல்டு டெஸ்ட்.

ராத்திரி அம்மா ஃப்ரிட்ஜிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எத்தனை மைக்ரான்மா?"

"யாருக்குத் தெரியும், ஃபைல்ல இருக்கும் பாரு."

பார்த்தேன். வலது 492, இடது 488. இப்போது தம்பியை அளந்துவிட்டு வரச் சொல்லி அம்மா தினமும் போன் போடுகிறார், அவன் எடுப்பதில்லை.