பிளாஸ்டர் பாதத்திலிருந்து சேலைத் துணிக்கு

குழந்தையை இழந்த குடும்பங்களுக்கு நினைவுப் பொருள் செய்து கொடுக்கத் தொடங்கியபோது மனதில் இருந்தது, பிளாஸ்டரில் வார்த்து பிரேம் போட்ட குட்டிப் பாதம். இப்போது அதை ஓரமாக வைத்துவிட்டேன். ஒரு துணிப் பை, ஒரு அட்டை, ஒரு நாடா. இவ்வளவுதான் செய்கிறேன்.

தம்பி மகளின் காலில்தான் பழகினேன். அல்ஜினேட் என்பது பல் டாக்டர்கள் அச்செடுக்கிற, கடற்பாசியிலிருந்து வரும் மா. இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஹட்டன் குழாய்த் தண்ணீரின் குளிருக்கு அது இறுக நேரமெடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரென்றால் சட்டென்று இறுகிவிடும். அச்சு எடுத்த கையோடு பிளாஸ்டரை ஊற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் அச்சில் நீர் வற்றிச் சுருங்கி, பாதமும் சிறுத்துப்போகும். குதிகால் மடிப்பு வரை அழகாக விழுந்தது, காயத்தான் மாட்டேன் என்றது. மே மாதம் பிடித்தால் செப்டம்பர் வரை இங்கே மழையும் மூட்டமும்தானே. ஈரம் போகுமுன் பெயின்ட் அடித்தால் உரிந்து வரும். அடுப்புக்கு மேலே வைத்தால் புகை பிடித்து மஞ்சளாகிவிடும்.

அதையும் சமாளித்திருக்கலாம். பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாக இருக்கும் மதினி சொன்னதுதான் யோசிக்க வைத்தது. "செவுத்துல மாட்டுற மாதிரி வேணாம். தோட்டத்து லயத்துல வாறவங்க போறவங்க எல்லாம் என்னன்னு கேப்பாங்க, அந்தப் புள்ள எத்தன பேருக்குப் பதில் சொல்லும்?" ஒரு வீட்டில் அம்மாயி நேராகவே மறுத்தார்: "வேணாம்மா, இதப் பாத்துக்கிட்டே கெடந்தா இவ தேறமாட்டா." மகள் வாயே திறக்கவில்லை. பிறகு தனியாக மதினியிடம், "சின்னதா இருந்தா பெட்டிக்குள்ள வச்சுக்கிறேன்" என்றாளாம். அம்மாயி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வேண்டுமா வேண்டாமா என்பது தாயின் முடிவு. அதனால் சேலை மடிப்புக்குள் வைக்கத் தக்கதாக, தட்டையாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

பிரித்தானியாவில் சாண்ட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் கொடுக்கும் நினைவுப் பெட்டியில் இரண்டு கரடி பொம்மைகள் இருக்கும். ஒன்று பிள்ளையோடு போகும், மற்றது பெற்றோரிடம் நிற்கும். பொம்மை நமக்கு ஒட்டாது, ஆனால் அந்த யோசனை ஒட்டியது. சிசுவை நாம் எரிப்பதில்லை, புதைக்கிறோம். தாயின் பழைய சேலையில் ஒரே இடத்திலிருந்து இரண்டு துண்டு வெட்டுகிறேன். ஒன்று பிள்ளையைப் போர்த்த. மற்றதில் பை தைப்பேன். வெயில் கண்ட நாளில் துவைத்துக் காயவைத்த துணிதான் சரி. ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும்.

நாடாதான் எனக்குப் பிடித்த பகுதி. பிள்ளையின் உச்சி முதல் குதிகால் வரை அளந்து அதே நீளத்துக்கு வெட்டுவது. 28 வாரத்தில் பிறந்தால் 37, 38 சென்டிமீட்டர் வரும். நிறைமாதமென்றால் ஏறக்குறைய 50. ஓரத்தை மடித்துத் தைத்தால் நீளம் குறைந்துவிடும், தைக்காவிட்டால் நூல் பிரியும். நிறமில்லாத நெயில் பொலிஷ் ஒரு சொட்டு தடவினேன், அப்படியே நிற்கிறது. சாட்டின் ரிப்பனை விட பருத்தி நாடா நல்லது, வழுக்காது.

பாத அச்சு மதினியின் வேலை, அதுவும் பெற்றோரிடம் கேட்டுத்தான். காலைத் துடைத்து, மையை மெல்ல ஒற்றி, அட்டையைப் பாதத்திடம் கொண்டுபோக வேண்டும். பாதத்தை அட்டையில் அழுத்தினால் விரல்கள் ஒன்றாக அப்பிவிடும். அட்டைக்குப் பின்னால் மரப்பலகைத் துண்டு பிடித்தால் குதிகாலிலிருந்து விரல் வரை ஒரே சீராக வரும். வயிற்றிலேயே இறந்து சில நாள் ஆன பிள்ளைக்குத் தோல் உரியும். அங்கே மையும் வேண்டாம், அல்ஜினேட்டும் வேண்டாம். பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டால் போதும். நிறையையும் தேதியையும் பின்பக்கம் எழுதுகிறோம். பெயர் வைத்திருந்தால் பெயரையும்.

இப்போது அப்பாமார் கேட்கிறார்கள், பேர்ஸில் வைக்க ஒன்று. லெமினேட் சூட்டில் மூல அட்டையைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. டவுனில் கொமினிகேஷன் கடையில் போட்டோக் கொப்பி எடுத்து, அதைச் சிறிதாக்கி லெமினேட் பண்ணிப் பார்த்தேன். கோடுகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. அடுத்த பையோடு அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.