லேசாக மிதித்தால் மட்டும் இன்ஜின் திணறுகிறதா?

பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கும்போது ஒரு நொடி தடுமாறி, முழுசாக மிதித்தால் சீராக இழுத்தால், தயவுசெய்து எடுத்ததும் பெட்ரோல் பம்பை மாற்றாதீர்கள். பம்ப் பலவீனமென்றால் முழு வேகத்தில்தான் முதலில் தெரியும்.

ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டு லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதுதான் அந்தச் சதவீதம். ஐடிலில் (மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) +10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் வேக்யூம் லீக், அதாவது அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே கசிகிறது. வெடித்த ஹோஸ், பிசிவி வால்வு (இன்ஜினின் உள்வாயுவைத் திரும்ப இன்டேக்குக்கு அனுப்புவது), இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட் (காற்று போகும் குழாய்த்தொகுதியின் சீல்) மூன்றையும் பாருங்கள். புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட்தான் நல்லது. சூடான இன்ஜின்மேல் கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது தீப்பிடிக்கும் வேலை. வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் அழுக்கான மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரையும் (உள்ளே போகும் காற்றை அளப்பது) பெட்ரோல் அழுத்தத்தையும் சோதிக்கணும். சென்சாருக்கு அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும். அதன் உள்ளே இருக்கும் கம்பியைத் தொடக்கூடாது, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

ட்ரிம் சரியாக இருந்தால் த்ராட்டில் பொசிஷன் சென்சாரைப் பாருங்கள். காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது அது. ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் வைத்த பழைய வண்டிகளில் மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட், முழுசாகத் திறந்தால் 4.5 வோல்ட் வாக்கில் வரும். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல், மிக மெதுவாகத் திறந்து பாருங்கள். நடுவில் வோல்டேஜ் குதித்தாலோ விழுந்தாலோ தேய்மானம். தினமும் அதிகம் உரசுவது த்ராட்டில் திறப்பின் முதல் கால்வாசிப் பகுதி என்பதால் அங்கேதான் முதலில் தேயும். மீட்டரில் ஊசி வைத்ததாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இஜிஆர் (வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் வால்வில் கரி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.