டீயில ஊத்தாதீங்க, ஆச்சி

நான் சொன்னது ஒரே வரி. "டீயில ஊத்தாதீங்க ஆச்சி, ஒத்துக்காது." சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது.

அதில் பொய் எதுவும் இல்லை. ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்துச் சிரப்பைத் தண்ணீரில் கலக்கலாம், காப்பியில் கலக்கலாம். டீயிலும் கோலாவிலும் கூடாது. மருந்துக் குறிப்பிலேயே உள்ள விஷயம்தான். ஆனால் ஆச்சி கேட்டது அதுவல்ல. "அவளுக்குத் தெரியாம டீத்தண்ணியில ஊத்திக் குடுத்திரட்டுமா?" என்று தன் மகளைப் பற்றிக் கேட்டார். அந்தத் 'தெரியாம'வுக்கு நான் பதில் சொல்லவில்லை. டீக்கு மட்டும் சொன்னேன்.

மனநலக் களப்பணியாக புதன்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போவேன். அடுத்த புதன்கிழமை போனபோது வீட்டில் காப்பி மணத்தது. அத்தனை மாதத்தில் அங்கே நான் டீயைத் தவிர எதுவும் குடித்ததில்லை. ஆச்சி என்னைப் பார்த்தார். நான் பையைத் திறந்து ஃபைலை எடுத்துக்கொண்டேன்.

ஆச்சியின் மகளை நான் அக்கா என்பேன். அப்போது அக்காவின் பெரிய பயமே சாப்பாடுதான். சோத்துல என்னமோ கலக்குறாங்க என்பார். பானைச் சோற்றைத் தொடமாட்டார். பிஸ்கட் பாக்கெட்டைத் தானே கடையில் வாங்கி, ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பார். ஆச்சி கையால் அவர் வாங்கிக்கொண்டது ஒரு தம்ளர் டீ மட்டும். ஏன் அதை மட்டும் நம்பினார் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ஃபைலில் எழுதினேன்: 'உணவில் ஏதோ கலக்கப்படுவதாகத் தவறான நம்பிக்கை.' மூன்று வாரத்தில் அது தவறான நம்பிக்கை இல்லை என்று ஆகிவிட்டது. அந்த வரியை யாரும் அடிக்கவில்லை, நானும் அடிக்கவில்லை.

வேறு என்ன செய்திருக்க முடியும்? 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அடித்துக் கொடுத்தேன், தமிழில் பேச ஆள் உண்டு என்றேன், போனைத் தள்ளிவிட்டார். மாத்திரை என்றால் மாடியறைக் கதவு சாத்திக்கொள்ளும். முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மிச்சம் இருந்தது சட்டம். 2018 மே 29 முதல் அமலில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-வது பிரிவில், சம்மதம் இல்லாமலும் 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க வழி உண்டு. அவர் சார்பில் நியமிக்கப்பட்டவர் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். தாளில் சரி. மும்பை தாராவியின் சந்துகளில் அதற்கு, ஏணி மாதிரி நிற்கும் அந்த இரும்புப் படியில் ஒரு பெண்ணைப் பிடித்து இறக்கி, சந்து முழுக்கப் பார்க்க, 90 அடி ரோடு வரை நடத்த வேண்டும். "தெருவே பாக்க எம்மவள இழுத்துட்டுப் போவணுமா?" என்றார் ஆச்சி. காப்பி அதைவிடத் தேவலை என்று பட்டது. சில நாள் இப்போதும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் அதே பிரிவில், சேர்க்கப்பட்டவர் பெண் என்றால் 3 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அவர் அங்கே முறையிடலாம். இழுத்துக்கொண்டு போயிருந்தால்கூட 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும். காப்பித் தம்ளர் மேல் அவர் எங்கே போய் முறையிடுவார்?

சிரப் எழுதிய மருத்துவரிடம் ஆச்சி "முழுங்க மாட்டேங்கா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எப்படிக் கொடுப்பீர்கள் என்று அவரும் கேட்கவில்லை.

மருந்து வேலை செய்தது. அதை மறைக்க மாட்டேன். ஆறேழு வாரத்தில் அக்கா கீழே இறங்கினார், இட்லிக்கு உளுந்து களைந்தார், பானைச் சோறும் சாப்பிட்டார். அப்புறம் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணு மாசமா தலைக்கு ஊத்தல. யாரோ என்னமோ செஞ்சிட்டாவ" என்றார். அந்த மருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றி மாதவிலக்கை நிறுத்தக்கூடும் என்று எனக்குத் தெரியும். "டாக்டர்ட்ட கேப்போம்க்கா" என்றேன். டீ வரியைவிட இதுதான் பெரிய தப்போ என்று இப்போது தோன்றுகிறது. முதல் தடவை ஆச்சி கேட்டார். இந்தத் தடவை கேட்டது அக்கா.

ஆச்சி காய்ச்சலில் படுத்த வாரம் காப்பி போடப் போன அக்கா, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் பாட்டிலைப் பார்த்துவிட்டார். புதன்கிழமை அதை என் முன்னால் வைத்து, "ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்க்கா."

கத்துவார் என்று நினைத்தேன். "அப்ப நான் சொன்னது சரிதான்" என்றார், அவ்வளவுதான்.

இப்போது வேறு மருந்து. அட்டையிலிருந்து தானே பிதுக்கிப் போட்டுக்கொள்கிறார், சில வாரம் போடுவதில்லை. தனக்குத் தானே சமைக்கிறார். ஆச்சி அடுப்பு வேறு, அவர் அடுப்பு வேறு. என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

போன புதன் ஆச்சி வாசலில் நிறுத்தி, "பத்து நாளா மாத்திரை போடல. அந்தச் சிரப்பு இன்னும் கெடைக்குமா?" என்று காதோடு கேட்டார். அக்கா உள்ளே டீ வடித்துக்கொண்டிருந்தார்.

"அக்காட்டயே கேளுங்க ஆச்சி" என்றேன், உள்ளே கேட்கும்படி.

வடிக்கிற சத்தம் நின்றது. ஆச்சி முகம் சுருங்கிப்போனது. அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்று வீடு வந்து சேரும்வரை மனசு அடித்துக்கொண்டது.