அரிட்டாபட்டியை நடந்து பாருங்கள்

மதுரைப் பக்கத்துக் கிராமமான அரிட்டாபட்டிக்குப் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: எது வரைக்கும் நடந்தீர்கள்? பெரும்பாலும் வரும் பதில், பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம், நாலு படம் எடுத்தோம், கல்வெட்டு அந்தக் குன்றில் இருக்கிறது என்றார்கள், வெயில் ஏறிவிட்டது, திரும்பிவிட்டோம். இப்படிப் பார்த்தால் அந்த ஊரில் பாதி கண்ணில் படவே படாது. கோயில், கல்வெட்டு, பருந்து, கண்மாய் என்று தனித்தனியாக எதற்கும் அங்கே அர்த்தம் கிடையாது. எல்லாவற்றையும் தண்ணீர்தான் ஒன்றோடு ஒன்று கட்டி வைத்திருக்கிறது, அந்தத் தண்ணீர் போன வழியில் நடந்தால்தான் அது புரியும்.

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். மேலூர் சாலையில் நரசிங்கம்பட்டியில் திரும்பி உள்ளே போக வேண்டும். ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள், பெரும்பாலும் மொட்டைப் பாறை. மண் ஒட்டாத பாறையில் மழை பெய்தால் அது அங்கே தங்காது, வழிந்து இறங்கிவிடும். இடுக்கில் புகுந்தது சுனையாகவும் ஊற்றாகவும் கசியும், மிச்சம் ஓடையாக ஓடிக் கண்மாயில் விழும், மேல் கண்மாய் நிறைந்தால் மிகுநீர் வெளியேறும் கலிங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்குப் போகும். இப்படி 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள் என்று, இந்த இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக்கிய அரசு அறிவிப்பிலேயே கணக்கு இருக்கிறது. ஆனைகொண்டான் கண்மாய் 16-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் வெட்டியது என்றும் அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். கரை மேல் ஏறி நின்று ஒரு பக்கம் பாறையையும் மறுபக்கம் வயலையும் பாருங்கள், யாரும் விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

அதனால் நடையைக் கண்மாய்க் கரையிலிருந்து தொடங்குங்கள். விடிந்ததும் கிளம்பினால் நல்லது. நீர்க்காகங்களும் கொக்குகளும் அந்த நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும், பாறையும் குளிர்ந்திருக்கும். இந்தப் பகுதியில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அதில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு என்ற மூன்று வேட்டைப் பறவைகளுக்காகவே தூரத்திலிருந்து பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். லகர் வல்லூறு தென்னிந்தியாவில் அரிது. அதற்குச் செங்குத்தான பாறை முகம் வேண்டும், கீழே இரை பிடிக்கத் திறந்த வெளி வேண்டும், இங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தேவாங்கும் எறும்புத்தின்னியும் மலைப்பாம்பும்கூட உண்டு. அவை பகலில் உங்கள் கண்ணில் படாது, தேடிப் போய்ப் புதரைக் கலைக்கவும் வேண்டாம்.

அப்புறம் குடைவரை. ஊர்க்காரர்கள் இடைச்சி மண்டபம் என்கிறார்கள். முற்காலப் பாண்டியர் வேலை, ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டு. சிறியதுதான், உள்ளே சிவலிங்கம், வாசலின் இரு பக்கமும் காவலர்கள். ஒரு பக்கம் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார், அவரை எல்லோரும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மறுபக்கம் தண்டோடு உட்கார்ந்திருப்பவர் லகுலீசர். இவரைப் பார்க்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள். சைவத்தின் ஒரு பழைய பிரிவான பாசுபதத்தின் ஆசானாக வணங்கப்பட்டவர், குஜராத் பக்கத்தில் காயாவரோகணத்தில் தோன்றியவர் என்பது மரபு. வடக்கே இவர் சிலைகள் நிறைய உண்டு, தமிழ்நாட்டில் மிக மிக அரிது. அவ்வளவு தூரத்தில் பிறந்த ஒரு வழிபாடு மேலூர்ப் பக்கத்து ஒரு கிராமத்துப் பாறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்தக் காலத்தில் இந்த வழியாக எப்படிப்பட்ட ஆட்கள் நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் அந்தச் சிலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஒரு காலை மடக்கி, மற்றதைத் தொங்கவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் அந்த நிலையில் ஒரு நிதானம் தெரிகிறது, படத்தில் அது வருவதே இல்லை.

அங்கிருந்து கழிஞ்சமலை. இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். மலை என்றால் பயந்துவிடாதீர்கள், குன்றுதான், ஆனால் ஏறுகிற பாறை வழுவழுப்பானது, மழை பெய்த மறுநாள் ஏற வேண்டாம். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா எங்களைப் பார்த்ததும், "ஏறுறது ஏறுங்கப்பா, பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள எறங்கிருங்க, கல்லு கொதிக்கும்" என்றார். குடிக்கத் தண்ணி இருக்கா என்று அடுத்த கேள்வி. இருக்கு அப்பத்தா என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் எங்களைப் போகவிட்டார்.

மேலே இயற்கையான குகைத்தளம். அதன் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். பாறையில் வழிந்து வரும் நீர் அந்தக் காடியோடு நின்று வெளியே சொட்டிவிடும், உள்ளே தங்கிய சமணத் துறவிகள் நனையமாட்டார்கள். 2,000 ஆண்டுகள் தாண்டியும் அது வேலை செய்கிறது. அந்தக் காடியை ஒட்டித்தான், தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்துமுறையான தமிழ்ப் பிராமியில் கல்வெட்டுகள். ஒன்று 1971-இல் கண்டெடுத்தது, இன்னொன்று 2003-இல்தான் கண்ணில் பட்டது. அதுவரை அத்தனை ஆய்வாளர்கள் ஏறி இறங்கிய இடம் அது. நேர் வெயிலில் எழுத்துகள் பாறையோடு கலந்துவிடும், சாய்ந்த வெளிச்சம் விழும்போதுதான் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழுந்து எழும்பி வரும். காலையில் சீக்கிரம் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதில் என்ன எழுதியிருக்கிறது? நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் இந்தக் குகையைச் செய்து கொடுத்தான் என்று ஒன்று. இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் கொடுத்தான் என்று மற்றொன்று. கொடுத்தவன் பேர், ஊர், அப்பன் பேர், அவ்வளவுதான். நீளமான புகழ்ச்சி எதுவும் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. எழுத்துகளைத் தொடாதீர்கள், சுண்ணாம்புக்கட்டியால் தடவி எடுப்பாகக் காட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பக்கத்துப் பாறைகளில் காதலர் பெயர்களைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அதே குன்றில் பல நூற்றாண்டுகள் கழித்து மறுபடி சமணர் வருகிறார்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டில் பாறையில் செதுக்கிய சமண ஆசானான தீர்த்தங்கரர், தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடையான முக்குடை, கீழே பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்து. அச்சணந்தி என்ற துறவி செய்வித்த திருமேனி என்று அது சொல்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள பல குன்றுகளில் இந்த அச்சணந்தியின் பேர் வருகிறது, மனிதர் எவ்வளவு நடந்திருப்பார்! மலைக்குத் திருப்பிணையன் மலை என்ற பேரும் அந்தக் கல்வெட்டில்தான் கிடைக்கிறது. சிலையைக் காக்கும் பொறுப்பைப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் விட்டிருக்கிறார்கள். அந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் இன்றும் தொடர்கிறது என்றே நான் நம்புகிறேன்.

ஏனென்றால், 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்ததற்குப் பின்னால் இந்த ஊர் மக்கள் பல ஆண்டு நின்ற நிலை இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் எத்தனை குன்றுகளைத் தின்றன என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்த வரிசையில் இந்த ஏழும் போய்விடாமல் தடுத்தவர்கள் அவர்கள். பிறகு 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் ஏலம் போனது, அதற்குள் இந்தத் தலத்தின் ஒரு பகுதியும் இருந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை விவசாயிகள் நடந்தே போனார்கள். பெண்கள், வயசானவர்கள், எல்லோரும். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நாம் இன்று அங்கே நடக்க முடிகிறது என்றால் அதற்கு அவர்கள்தான் காரணம், சுற்றிப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தெம்பு மிச்சமிருந்தால் மீனாட்சிபுரம் குன்றுக்கும் போங்கள், மாங்குளம் கல்வெட்டு என்று புத்தகத்தில் படித்தது இதுதான். 1882-இல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவு செய்தார், மொத்தம் ஆறு கல்வெட்டுகள். கணி நந்தன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி இருப்பிடம் செய்து கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சங்கப் பாட்டில் கேட்ட நெடுஞ்செழியன் என்ற பேர் பாறையில் அப்படியே நிற்கிறது! வெள்ளறை நிகமத்து, அதாவது வணிகக் குழுவின், வணிகர்களும் கொடுத்திருக்கிறார்கள். அரசு ஆளும் வியாபாரியும் துறவிக்கு ஒரே குன்றில் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தலைமாட்டில் கல்லைச் சற்று உயர்த்தித் தலையணையாக விட்டிருப்பதையும் கவனியுங்கள்.

சில விஷயங்கள் மட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசி வரைக்கும்தான் சரியான காலம், சுனைகளில் தண்ணீர் இருக்கும், கண்மாய் நிறைந்திருக்கும். சித்திரையில் பத்து மணிக்கு மேல் பாறையில் நிற்க முடியாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு வேண்டும், காலிப் பாட்டில் திரும்பி வர வேண்டும். சுனையில் கால் கழுவாதீர்கள், ஆடு மாடு குடிக்கும் தண்ணீர் அது, சாமிக்கும் அதுதான். செருப்பைக் கழற்றச் சொல்கிற இடத்தில் கழற்றுங்கள். வழி தெரியாவிட்டால் மொபைல் மேப்பை நம்பாமல் டீக்கடையில் கேளுங்கள், ஒரு டீயும் குடியுங்கள், பெரும்பாலும் யாராவது ஒருவர் கூடவே கிளம்பி வந்து காட்டுவார். அடுத்து நான் கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்குப் போகப் போகிறேன். அங்கே தொண்டியிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த குகையில் எழுத்துகள் தலைகீழாக வெட்டியிருக்கின்றன, போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கூட வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள், விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் சந்திக்கலாம்.