இரவல் டைரி

2 டிசம்பர் 2024, திங்கள்

ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். கட்டபெட்டு தாண்டியதும் மழையோடு மூட்டம். ஊட்டி போய்ச் சேரும்போது ஷூவுக்குள் தண்ணீர்.

ஐந்து வருஷ சட்டப்படிப்பில் 20 வாரம் இன்டர்ன்ஷிப், அதாவது நேரடித் தொழில் பயிற்சி, முடிக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. வக்கீல் ஆபீஸ் பிடித்துத் தருவது யார் என்று விதியில் இல்லை. குன்னூரிலும் ஊட்டியிலும் மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன். மூன்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யார் அனுப்பிச்சாங்க?" யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றால் முகம் மாறிவிடுகிறது.

நாலாவது ஆபீஸ் வகுப்புத் தோழனுடைய அப்பாவுடையது. கேன்டீனில் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே, "எங்கப்பாகிட்ட வாயேன்" என்றான். முடிந்தது. எனக்கு மூன்று மாத அலைச்சல், அவனுக்கு ஒரு வாய்ச் சப்பாத்தி.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள் நான். 2021-இல் அதைச் சட்டப்படிப்புக்கும் நீட்டியிருக்காவிட்டால் இந்நேரம் அம்மாவோடு தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பேன். காலேஜுக்குள் விட ஒரு சட்டம் இருக்கிறது. ஆபீஸ் வாசலுக்கு எதுவும் இல்லை.

5 டிசம்பர், வியாழன்

ஊட்டி, காக்காத்தோப்பு கோர்ட். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், டை என்று முறையாகத்தான் போயிருந்தேன். ஊழியர் ஒருவர் கூட வந்த வகுப்புத் தோழனைப் பார்த்து, "தம்பி, தாத்தா சுகமா?" என்றார். அடுத்து என்னிடம், "கட்சிக்காரங்க வெளிய நில்லுங்கம்மா."

அவன் சிரிக்கவில்லை. "சார், எங்க ஆபீஸ் இன்டர்ன்" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனான். நல்ல பையன்தான். அதனால்தான் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

வாய்தா எப்படிக் கேட்பது, மெமோவை எப்போது நீட்டுவது, எந்தக் கேஸுக்கு 'பாஸ் ஓவர்' (கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள்) சொல்லலாம், எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, ராத்திரி சாப்பாட்டில் காதில் விழுந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் காதில் விழுவது இன்றைக்கு எத்தனை கிலோ என்பதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். "எங்க மேஸ்திரி மகளுக்கு எப்பவும் ரோட்டோரக் காடு பாப்பா. நாங்க பள்ளத்துல வழுக்கிக்கிட்டே எடுப்போம். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே தராசு" என்றாள்.

12 டிசம்பர், வியாழன்

ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் குறைந்தது 15,000, சென்னை, மதுரை, கோவையில் என்றால் 20,000 கொடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் ஏறக்குறைய அதையே பரிந்துரைத்தது. ஆபீஸ் ஜூனியர் அண்ணனிடம் கேட்டேன். "பெட்ரோலுக்குத் தர்றார்மா" என்றார். வங்கித் தேர்வுப் புத்தகம் அவர் பையிலேயே இருக்கிறது. முதல் நாலைந்து வருஷம் வீட்டுச் சோறு சாப்பிட முடிகிறவன்தான் இந்தத் தொழிலில் தங்குகிறான்.

என்ரோல்மென்ட், அதாவது வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம், அந்த விஷயத்தில் மட்டும் நிம்மதி. சட்டம் 750 ரூபாய் என்றிருக்க, ஒடிசாவில் 42,100 வரை கறந்திருக்கிறார்கள். கூடாது என்று ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பட்டியல் வகுப்பான எங்களுக்கு 125 ரூபாய்தான். தீர்ப்பை எழுதியவர் அப்போது தலைமை நீதிபதியாக இருந்த டி.ஒய். சந்திரசூட். அவருடைய அப்பாவும் தலைமை நீதிபதியாக இருந்தவர், 1978 முதல் 1985 வரை. எங்களுக்காக எழுதவும் அந்த வீட்டிலிருந்துதான் ஒருவர் வர வேண்டியிருந்தது. குத்தலாகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்தலாகத்தான்.

19 டிசம்பர், வியாழன்

மூன்று வாரத்தில் அவன் ஆபீஸ் வந்தது நாலு நாள். மிச்ச நாளெல்லாம் பெங்களூரு. இன்று வந்து, "உன் இன்டர்ன்ஷிப் டைரியைக் குடேன், ரெண்டு நாள்ல தர்றேன்" என்றான்.

அதில் எல்லைத் தகராறு ஒன்றின் குறுக்கு விசாரணையை ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். வாதி வயசானவர். எல்லைக்கல் எங்கே என்று கேட்டால் சில்வர் ஓக் மரத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். "மரம் நட்டது யாரு?" "எங்கப்பா." "எந்த வருஷம்?" கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி கண்ணை மூடி யோசித்தார். கடைசிவரை வருஷம் வரவில்லை. அந்த மௌனத்தை எப்படி எழுதுவது என்று ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கொடுத்துவிட்டேன். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவன் அப்பா.

9 ஏப்ரல் 2025, புதன்

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்தது. தேர்வாளர் என்னிடம், "அப்பா என்ன பண்றார்?" "டீ பாக்டரியில வேலை சார்." பிறகு டைரியைப் புரட்டி நிறுத்தினார். "டிசம்பர் 14 சனிக்கிழமை. ரெண்டாவது சனிக்கிழமை எந்தக் கோர்ட்ல குறுக்கு விசாரணை பார்த்தீங்க?" நடந்தது 13, வெள்ளி. தேதியைத் தப்பாக எழுதியிருக்கிறேன். சிவப்பு மையில் வட்டம் போட்டார். பார்க்காமலே எழுதியதாக நினைத்துவிட்டார்.

அடுத்தது அவன். கதவு திறந்துதான் இருந்தது. "அப்பாவைக் கேட்டதா சொல்லுப்பா."

மத்தியானம் டைரிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். முப்பதுக்கு எனக்கு 21, அவனுக்கு 28. அவனுடையதை வாங்கிப் பார்த்தேன். அதே ஆறு பக்கம், அதே சில்வர் ஓக், அதே டிசம்பர் 14. பக்கத்தில் 'நன்று' என்று எழுதி ஒரு டிக்.

சாயங்காலம் அவனிடமிருந்து வாட்ஸ்அப்: "அடுத்த லீவுக்கும் ஆபீஸ் வர்றியான்னு அப்பா கேக்கறார். நீ நல்லா எழுதறியாம்."

இன்னும் நாலு வாரம் பாக்கி இருக்கிறது. வர்றேன் என்று போட்டேன்.