ஏடிஎஸ் தாண்டி ரெஸ்யூமே போய்ச் சேர: வேலை தேடிய அனுபவத்திலிருந்து சில வழிகள்

விண்ணப்பித்த சில நிமிடங்களிலேயே 'வருந்துகிறோம்' என்று மின்னஞ்சல் வந்தால், ரெஸ்யூமே பிடிக்காமல் ஏடிஎஸ் (விண்ணப்பங்களைச் சேமித்து வடிகட்ட நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருள்) நிராகரித்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவ்வளவு வேகமாக வரும் நிராகரிப்புக்குப் பெரும்பாலும் காரணம், விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் கேள்விகள்தான். அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, விசா ஸ்பான்சர் தேவையா, இத்தனை ஆண்டு அனுபவம் உண்டா போன்றவை. தேவைக்குப் பொருந்தாத பதில் வந்தால் தானாக விலக்கிவிடும்படி நிறுவனமே அமைத்து வைக்க முடியும். ஆகவே நேரம் எடுத்துப் படித்து, உண்மையான பதிலைக் கொடுங்கள். அவசரத்தில் மாற்றி அழுத்திவிட்டால் எவ்வளவு நல்ல ரெஸ்யூமேயும் காப்பாற்றாது.

வொர்க்டே, கிரீன்ஹவுஸ், டேலியோ போன்ற ஏடிஎஸ் மென்பொருள்களின் அடிப்படை வேலை எளிமையானது. கோப்பிலிருந்து எழுத்துகளை உருவி எடுத்து, பெயர், பதவி, நிறுவனம், ஆண்டு, திறன் என்று பிரித்துச் சேமிக்கும். எச்ஆர் அதில் சொற்களைப் போட்டுத் தேடுவார், வடிகட்டுவார். ரெஸ்யூமேக்களை வேலை விளம்பரத்தோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் வசதியும் சிலவற்றில் உண்டு. உருவும்போதே எழுத்து சிதைந்துவிட்டால் அந்தத் தேடலில் நீங்கள் வரவே மாட்டீர்கள்.

அதனால் நான் எதையும் அனுப்பும் முன் ஒரு சோதனை செய்துவிடுவேன். பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் படிப்பேன். மென்பொருள் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதைத்தான். பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரிக்கும் அழகான டெம்ப்ளேட்களின் குட்டு இங்கே வெளிப்படும்: இடப்பக்கம் இருக்கும் திறன் பட்டியலும் வலப்பக்கம் இருக்கும் வேலை விவரமும் வரிக்கு வரி கலந்து வரலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்று படமாகப் போட்ட திறன் அளவு காணாமல் போயிருக்கும். ஸ்கேன் செய்த கோப்பு என்றால் ஒட்டுவதற்கு எதுவுமே இருக்காது. எஃப், ஐ ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகளையும் ஒரே உருவாக ஒட்டி அச்சிடும் ஃபான்ட்கள் இருக்கின்றன. 'சர்டிஃபைட்' என்ற சொல் அவற்றால் நடுவில் ஓட்டை விழுந்து வரலாம். லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் ரெஸ்யூமே தயாரிப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தமிழில் ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துரு, உருவியபின் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

இவற்றில் பலவற்றுக்கு மருந்து, பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் மேலிருந்து கீழாக எளிமையாக எழுதுவது. தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வேர்டின் ஹெடர் (பக்கத்தின் மேல் ஓரத் தலைப்பு) பகுதியில் வைக்காதீர்கள். அந்தப் பகுதியைப் படிக்காமல் விடும் மென்பொருள்கள் உண்டு. தலைப்புகள் 'வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்', 'எஜுகேஷன்', 'ஸ்கில்ஸ்' என்று வழக்கமானவையாகவே இருக்கட்டும். மாதமும் ஆண்டும் எல்லா இடத்திலும் ஒரே முறையில் வரட்டும். பிடிஎஃப்பா வேர்டா என்றால், விளம்பரம் கேட்பதைக் கொடுங்கள்.

அடுத்தது சொற்கள். விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வரும் கருவிகள், பணிகள், சான்றிதழ்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் உங்களுக்கு உண்மையாகவே தெரிந்தவற்றை அவர்கள் எழுதியபடியே எழுதுங்கள். சுருக்கத்தையும் விரிவையும் இரண்டையும் ஒருமுறையாவது கொடுங்கள்: ஒருவர் 'எஸ்இஓ' என்று தேடுவார், இன்னொருவர் 'சர்ச் என்ஜின் ஆப்டிமைசேஷன்' என்று தேடுவார். திறன் பட்டியலில் மட்டும் கொட்டி வைப்பதைவிட, அந்தக் கருவியால் எந்த வேலையை முடித்தீர்கள் என்ற வரியிலேயே அது வருவது மேல். தேடிக் கண்டுபிடித்தபின் படிக்கப்போவது மனிதர்தானே!

வெள்ளை எழுத்தில் கீவேர்ட்களை ஒளித்து வைக்கச் சொல்லும் ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள். உருவி எடுத்த எழுத்துக்கு நிறம் கிடையாது. எச்ஆர் திரையில் அத்தனையும் அப்பட்டமாகத் தெரியும். நேர்மையான விண்ணப்பதாரர் மீதும் சந்தேகம் விழ இது ஒன்றே போதும். இணையத்தில் கிடைக்கும் 'ஏடிஎஸ் ஸ்கோர்' கருவிகளின் மதிப்பெண்ணும் அந்தக் கருவியின் சொந்தக் கணக்கு. நிறுவனம் அதைப் பார்ப்பதில்லை. விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவே. நூற்றுக்கு நூறு துரத்தி இரவுகளைச் செலவழிக்க வேண்டாம்.

ரெஸ்யூமேயை ஏற்றியவுடன் படிவம் தானாக நிரம்பும் தளங்களில், 'அடுத்து' அழுத்தும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் பதவிக்கான கட்டத்தில் விழுந்திருந்தால், மென்பொருள் உங்களை அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறது. கையால் திருத்துங்கள், பிறகு ரெஸ்யூமேயிலும் அந்த வரியைச் சரிசெய்யுங்கள்.

சமர்ப்பித்ததும் விளம்பரத்தை முழுதாக நகலெடுத்து, அனுப்பிய ரெஸ்யூமேயோடு ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு அழைப்பு வரும்போது அந்த விளம்பரம் தளத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். அதிலிருந்து எடுத்து எழுதிய சொற்களைப் பற்றி நேர்காணலில் கேட்கக்கூடும்.